அஞ்சலில் வந்த இரண்டு ஆட்டோகிராஃப்களும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கின்றன: இது இயந்திரம் போட்டதா?

கேள்வி: எழுதியவர் பந்துக்காவலன்

அனைவருக்கும் வணக்கம். மூன்று ஆண்டுகளாக விளையாட்டு வீரர்களுக்குக் கடிதம் எழுதி, அஞ்சல் வழியாகவே கையெழுத்துகளைச் சேகரித்து வருகிறேன். சென்ற ஆண்டு ஒரு கால்பந்து வீரருக்கு நானும் என் தம்பியும் தனித்தனியாக எழுதினோம். ஏழு மாதங்கள் கழித்து எனக்கும், அடுத்த இரண்டு வாரங்களில் அவனுக்கும் கையெழுத்திட்ட படங்கள் வந்து சேர்ந்தன. மகிழ்ச்சியில் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது, முதலெழுத்தின் சுழியிலிருந்து கடைசிக் கோட்டின் வால் வரை இம்மியும் பிசகாமல் பொருந்தின. அன்றிலிருந்து மனம் சமாதானம் அடையவில்லை. இது அவர் கையால் போட்டதுதானா என்பதை எப்படி உறுதி செய்வது? இனி அனுப்பும் கடிதங்களில் நான் எதை மாற்ற வேண்டும்?

பதில் 1: எழுதியவர் மைத்துளி

உங்கள் ஐயம் நியாயமானது. ஒருவர் ஒரே அமர்வில் நூறு முறை கையெழுத்திட்டாலும், எந்த இரண்டும் முழுமையாக ஒத்துப்போவதில்லை; ஆகவே இரண்டும் பொருந்துகின்றன என்பதே அவை கையால் போட்டவை அல்ல என்பதற்கு வலுவான சான்று. முதலில் படத்தைச் சாய்த்து, மை மேற்பரப்பில் தனியாக மினுங்குகிறதா என்று பாருங்கள். மினுங்காமல், உருப்பெருக்கியில் சிறு சிறு புள்ளிகளாகத் தெரிந்தால், கையெழுத்தும் படத்தோடு சேர்த்து அச்சிடப்பட்டது என்று பொருள். மை தனியாக இருந்தால், ஒருவரின் கையெழுத்தைப் பேனாவால் அப்படியே வரையும் ஆட்டோபென் என்னும் இயந்திரத்தை அடுத்து சந்தேகிக்க வேண்டும். அது பேனாவை நேராக இறக்கி நேராகத் தூக்குவதால், கோடு தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் மை தேங்கி நிற்கும். இடையில் அழுத்தம் கூடாமலும் குறையாமலும் ஒரே கனமாக ஓடும். மனிதக் கையோ வேகமாகப் போகும் இடத்தில் மெலிந்து, திரும்பும் இடத்தில் தடித்து, முடிவில் இழுபட்டுக் கரையும். ஆனால் ஓர் எச்சரிக்கை: ஒரே வீரரின் கையெழுத்துக்குப் பல மாதிரிகளை இயந்திரத்தில் வைத்திருக்க இயலும் என்பதால், இரண்டு கையெழுத்துகள் பொருந்தாமல் இருப்பது மட்டுமே அவை உண்மையானவை என்று காட்டிவிடாது.

அஞ்சல் வழியாகக் கையெழுத்து சேகரிப்பதில் நாம் விற்பனையாளரை நம்ப வேண்டியதில்லை என்பது பெரிய நன்மை. 1990களில் அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. 'ஆபரேஷன் புல்பென்' என்ற பெயரில் போலிக் கையெழுத்து வணிகத்தை விசாரித்தபோது, அன்னை தெரசா கையெழுத்திட்டதாகச் சொல்லப்பட்ட பேஸ்பால் பந்துகள்கூட அகப்பட்டன. இருந்தும், உறை சரியான முகவரியிலிருந்து வந்தது என்பதால், கையெழுத்தும் அந்தக் கையினுடையது என்று ஆகிவிடாது. உதவியாளர் ஒருவர் வீரரின் கையெழுத்தைப் பழகிப் போடுவதும் உண்டு. அதைக் கண்டறிவதுதான் மிகக் கடினம்.

பதில் 2: எழுதியவர் திரும்பும்உறை

மைத்துளி ஐயா சோதனைகளைச் சொல்லிவிட்டார். நான் கடிதத்தைப் பற்றிச் சொல்கிறேன். புகழின் உச்சியில் இருப்பவருக்கு வரும் கடிதங்களைப் பெரும்பாலும் பிறர்தான் பிரிக்கிறார்கள். ஓய்வு பெற்றவர்களுக்கு எழுதிப் பாருங்கள், வேறுபாடு தெரியும். ஆஸ்திரேலிய கிரிக்கெட் வீரர் டான் பிராட்மன் ஓய்வுக்குப் பிறகு பல பத்தாண்டுகள் ரசிகர் கடிதங்களுக்கு ஓயாமல் கையெழுத்திட்டுப் பதில் அனுப்பியவர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கடிதம் ஒரே பக்கத்தில், கையால் எழுதப்பட்டதாக, அந்த வீரரின் ஒரு குறிப்பிட்ட ஆட்டத்தை நீங்கள் ஏன் மறக்கவில்லை என்று சொல்வதாக இருக்கட்டும். கையெழுத்துக்கு ஒரு பொருளை, மிஞ்சிப்போனால் இரண்டை மட்டுமே வையுங்கள். பளபளப்பான அட்டைகளில் மை திரளும் என்பதால், அனுப்புவதற்கு முன் மென்மையான அழிப்பானால் மேற்பரப்பை இலேசாகத் தேய்த்துவிடுவது நல்லது. வீட்டு முகவரி எங்கிருந்தாவது கிடைத்தாலும் அதற்கு எழுத வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அணியின் அலுவலக முகவரியே முறையானது.

வெளிநாட்டுக்கு அனுப்புகையில் நான் தொடக்கத்தில் செய்த தவறை நீங்கள் செய்யாதீர்கள். பதில் வருவதற்காக என் முகவரி எழுதி இணைத்த திரும்பும் உறையில் என் நாட்டு அஞ்சல்தலையை ஒட்டி அனுப்பினேன். அங்கிருந்து அனுப்பும் கடிதத்துக்கு அது செல்லாது என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. அந்த நாட்டு அஞ்சல்தலையை வாங்கி ஒட்ட வேண்டும், அல்லது 1906ஆம் ஆண்டு ரோம் அஞ்சல் மாநாட்டில் பிறந்த பன்னாட்டு மறுமொழிக் கூப்பனை (பெறுபவர் தம் நாட்டு அஞ்சலகத்தில் கொடுத்து அஞ்சல்தலையாக மாற்றிக்கொள்ளும் சீட்டு) இணைக்க வேண்டும். சில நாடுகள் அதன் விற்பனையை நிறுத்திவிட்டன. கிடைத்தால், அதில் அச்சிட்டுள்ள காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள்.

பதில் 3: எழுதியவர் பந்துக்காவலன்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சாய்த்துப் பார்த்தேன், மை தனியாக மினுங்குகிறது. உருப்பெருக்கியில் தொடக்கத்திலும் முடிவிலும் குண்டூசித் தலை அளவில் கரிய புள்ளி தெளிவாகத் தெரிகிறது, இரண்டு படங்களிலும் ஒரே இடத்தில். வருத்தமாகத்தான் இருக்கிறது. இரண்டையும் பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக் கலக்காத உறைகளில் இட்டு, பின்புறம் 'ஆட்டோபென்' என்று பென்சிலால் எழுதி, மற்றவற்றோடு கலக்காமல் வைத்துவிட்டேன். சிறு வயதில் நான் வியந்து பார்த்த, ஓய்வு பெற்ற கோல்கீப்பர் ஒருவருக்கு இன்றிரவு கடிதம் எழுத உட்காருகிறேன்.