மார்க் ப்ரையர் கரியர் ஏன் இப்படி பாதியிலயே நின்னுச்சு?

கேள்வி: அமெரிக்க பேஸ்பால் டீம் சிகாகோ கப்ஸோட பிட்சர் (பந்து போடறவர்) மார்க் ப்ரையரோட 2003 வீடியோஸ் பாத்துட்டு இருந்தேன், 18 வின், 245 ஸ்ட்ரைக்அவுட் (பேட்டரை மூணு ஸ்ட்ரைக்ல அவுட்டாக்குறது), மிரட்டிட்டாரு, ஆனா 2006க்கு அப்புறம் மேஜர் லீக்ல, அதாவது டாப் லெவல் பேஸ்பால்ல, ஆளையே காணோம். பிட்சிங் ஆக்‌ஷன்தான் காரணமா?

பதில்: ஆக்‌ஷன் மேல மட்டும் பழி போடாதீங்க ப்ரோ, அப்ப எல்லாரும் அதைத்தானே பெர்ஃபெக்ட்னு புகழ்ந்தாங்க. 2003 செப்டம்பர்ல மேனேஜர் டஸ்டி பேக்கர் ஒரே மேட்ச்ல 120 பந்துக்கு மேலன்னு திரும்பத் திரும்ப போட வச்சாரு, அதுக்கு மேல ப்ளேஆஃப் வேற, சின்ன வயசு தோள் எப்படிங்க தாங்கும்? எனக்கு இன்னும் மனசு ஆறல.

பதில்: நேரமும் சரியில்லங்க. 2003 ஜூலைல ரன் எடுக்க பேஸுக்கு பேஸ் ஓடும்போது எதிர் டீம் ஃபீல்டர் மார்கஸ் ஜைல்ஸ் மேல மோதி தோள்ல அடி, 2004ல குதிகால் பிரச்சனை, 2005 மே மாசம் எதிர் டீம் பேட்டர் பிராட் ஹாப் அடிச்ச பந்து நேரா வலது முழங்கைல பட்டு எலும்பு விரிசல், அப்படியும் ஒரு மாசத்துல திரும்பி வந்துட்டாரு மனுஷன்.

பதில்: அப்புறம் 2007, 2008னு தோள்ல ஆபரேஷன். மேஜர் லீக்குக்கு கீழ இருக்கிற மைனர் லீக்ல போராடிப் பாத்துட்டு 2013லதான் ரிட்டயர் ஆனாரு. 2020ல இருந்து லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் டீமோட பிட்சிங் கோச், அந்த வருஷமே அந்த டீம் வேர்ல்ட் சீரிஸ் (மேஜர் லீக் ஃபைனல்) ஜெயிச்சாங்க, அதைப் பாத்தப்ப அவ்ளோ சந்தோஷம்.