கிமோனோவின் தையலில் பூ முறியாமல் இருப்பது எப்படி?

கேள்வி (நகரி):
வணக்கம். மணமாகாத ஜப்பானியப் பெண்கள் உடுத்தும், நீண்ட கைகளை உடைய ஃபுரிசோதே கிமோனோ ஒன்றைச் சென்னையில் ஒரு கண்காட்சியில் பார்த்தேன். தோளில் தொடங்கிய பூங்கொடி முதுகுத் தையலையும் பக்கத் தையலையும் கடந்து, எங்கும் முறியாமல் கீழ் விளிம்பு வரை இறங்கியிருந்தது. அந்தத் துணியின் அகலம் ஏறத்தாழ 37 செ.மீ. மட்டுமே என்பதால் பல துண்டுகளை இணைத்துத்தான் தைத்திருக்க வேண்டும். ஓவியம் எப்படிப் பொருந்துகிறது? பட்டில் இட்ட சாயம் ஏன் பரவவில்லை?

பதில் (காளஹஸ்தி):
ஐயா, அது யூசென் என்னும் முறை; 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் கியோட்டோவில் வாழ்ந்த விசிறி ஓவியர் மியாசாகி யூசென் பெயரால் வழங்குகிறது. வெள்ளைப் பட்டை முதலில் கிமோனோவாகவே இழையோட்டித் தைத்து, தண்ணீரில் கரைந்துவிடும் நீலப் பூச்சாற்றால் தையல்களின் மேலேயே வரைந்து, பிறகு பிரித்து நீளத் துணியாக்கிச் சாயமிடுகிறார்கள். சாயம் பரவாதிருக்கச் சோயாப்பால் பூசுகிறார்கள். துணியில் எழுதுகோலால் வரையும் எங்கள் கலம்காரி ஓவியத்திலும் இதற்காகத்தான் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் நனைக்கிறோம்.

பதில் (புத்தூர்):
அண்ணன் சொன்னதில் ஒரு திருத்தம். கலம்காரியில் பாலின் கொழுப்பு மையைத் தடுக்கிறது; சோயாப்பாலிலோ அந்த வேலையைப் புரதம் செய்கிறது. அதுவும் துணைதான். யூசெனில் உண்மையான வரப்பு பசையரிசி மாவுப் பசையே. நம் வீட்டு மருதாணிக் கூம்பைப் போன்ற காகிதக் கூம்பில் அதை அடைத்துக் கோட்டின்மேல் நூலிழையாகப் பிழிந்து, அந்த வரப்புக்குள் நிறம் தீட்டுகிறார்கள். அடுத்துப் பூக்கள் முழுவதையும் பசையால் மூடிவிட்டு, அகலத் தூரிகையால் பின்னணி நிறத்தைப் பூசி, ஆவியில் வேகவைத்துச் சாயத்தை நிலைப்படுத்தி அலசுகிறார்கள். பசை போன இடம் மெல்லிய வெண்கோடாக நிற்கும். நல்ல யூசெனில் நான் முதலில் தேடுவது அந்தக் கோட்டைத்தான்.

பதில் (காளஹஸ்தி):
திருத்தத்தை ஏற்கிறேன், தம்பி. அலசலைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். கியோட்டோவில் முன்பு காமோ ஆற்றிலேயே அலசினார்கள். நீர் மாசுபடுவதால் அது நின்று, இப்போது செயற்கை ஓடைகளில் நடக்கிறது. கலம்காரிக்கும் ஓடும் நீரே வேண்டும். தேங்கிய நீரில் கரைந்த சாயம் வெள்ளைப் பகுதியில் மீண்டும் படிந்துவிடும். எங்கள் ஊர்ச் சுவர்ணமுகி ஆற்றில் நீர் வரும் நாட்களில் வாருங்கள், நேரில் காட்டுகிறேன்.