மழைக்காலத்தில் வேன் அமர்த்திக் கொடைக்கானல்: எதை விடுவது, எதைப் பார்ப்பது?

மண்டபத்துக்காரன்:
எங்கள் தெருக் குடும்பங்கள் சில சேர்ந்து வேன் அமர்த்தி, அக்டோபர் கடைசியில் கொடைக்கானல் செல்லவிருக்கிறோம். ஏற்பாட்டாளர் தந்த திட்டப்படி காலையில் ஏரியும் பிரையண்ட் பூங்காவும், பிற்பகலில் பள்ளத்தாக்கைப் பார்க்கும் கோக்கர்ஸ் வாக் நடைபாதையும் தூண் பாறையும். நம் கரையில் மழை வருவது கடல்மேல் கறுக்கும்போதே தெரிந்துவிடும். மலையில் அப்படித் தெரியுமா? மழை பிடித்துக்கொண்டால் அந்த நாளை எப்படிக் கழிப்பது? வயதானவர்களும் உடன் வருகிறார்கள்.

கீழக்கரை வாசகர்:
திட்டம் தலைகீழாக இருக்கிறது, தம்பி. ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த ஊரில், வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கின் ஈரக்காற்று சரிவோடு மேலெழுந்து மேகமாகிவிடுவதால், பிற்பகலில் நாம் மேகத்துக்குள்ளேயேதான் நின்றுகொண்டிருப்போம். 122 மீட்டர் உயரமுள்ள தூண் பாறைகூட இருந்த இடம் தெரியாமல் மறைந்துவிடும். ஆகவே பள்ளத்தாக்கைப் பார்க்கும் இடங்களைக் காலையில் முடித்துவிட்டு, ஏரியையும் பூங்காவையும் பிற்பகலுக்குத் தள்ளுங்கள். மஞ்சு எனும் அந்த மேகமூட்டம் சில நிமிடங்களுக்கு விலகிக் காட்டிவிட்டு மீண்டும் மூடிக்கொள்ளும். அதற்குள் 'பத்தே நிமிடம்' என்று ஓட்டுநர் எல்லோரையும் வண்டியில் ஏற்றிவிடுவதுதான் குழுப் பயணத்தின் சங்கடம். மழை நாளில் இடங்களைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் தேநீர் குடித்தபடி காத்திருக்க நேரம் கேளுங்கள்.

இராமநாதபுரம் ஆசிரியை:
காத்திருக்கச் சொல்வது இளையவர்களுக்குச் சரி. நம் வெக்கையில் வாழ்ந்து பழகிய முதியவர்களை அந்த ஈரக்குளிரில் நிறுத்திவைப்பதை நான் ஏற்கமாட்டேன். அவர்களுக்கு வெள்ளி அருவி போதும். அது வத்தலக்குண்டிலிருந்து ஏறும் சாலையின் ஓரத்திலேயே இருப்பதால் நடக்க வேண்டியதில்லை. கொடைக்கானல் ஏரி நிரம்பி வழியும் நீர்தான் ஏறத்தாழ 55 மீட்டர் உயரத்திலிருந்து அங்கே விழுகிறது என்பதால், மழை பெய்தால்தான் அதற்கு அழகு. பாறை வழுக்கும், குழந்தைகளை அருகில் விடாதீர்கள். மழை விடாமல் பெய்தால் செண்பகனூர் அருங்காட்சியகம் இருக்கிறது. அன்று திறந்திருக்குமா என்று முன்னரே விசாரித்துக்கொள்ளுங்கள். குடையைக் காற்று மடக்கிவிடும் என்பதால் மழைச்சட்டையே நல்லது.

மண்டபத்துக்காரன்:
நன்றி அண்ணே, நன்றி டீச்சர். வரிசையை மாற்றச் சொன்னால் ஏற்பாட்டாளர் கூடுதல் பணம் கேட்பாரோ?

கீழக்கரை வாசகர்:
அதே இடங்கள், அதே தூரம்; எதற்குக் கூடுதல் பணம்? முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பேசிவிடுங்கள். உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் முதல் கொடைக்கானல் செல்லும் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். அதை எடுப்பது யார் பொறுப்பு என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மற்றபடி, மழையில் பாறையும் மரமும் சாலையில் விழக்கூடும் என்பதால், திரும்பும் நாளில் இருட்டுவதற்குள் மலையிறங்கிவிட வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.