குளக்கரை நிலத்துக்கு ஆட்சேபக் கடிதம் எழுத உதவி வேண்டும்

வணக்கம். எங்கள் பேட்டையில் புளோக்குகளுக்குப் பின்னால் இருக்கும் சின்னக் குளம் இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். சிங்கப்பூரில் எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வகுக்கும் அரசின் பெருந்திட்டத்தில் (Master Plan) அதன் கரை நிலம் இப்போது 'திறந்தவெளி' வகை. அதை 'விளையாட்டு, பொழுதுபோக்கு' என்று மாற்றும் திருத்தம் பொதுமக்கள் பார்வைக்கு வந்திருக்கிறது. வகை மாறிவிட்டால் அப்புறம் கிளப் கட்டடம், உணவகம், கார் நிறுத்துமிடம் என்று எது வந்தாலும் தடுப்பது கஷ்டம், அதனால் பேச வேண்டிய நேரம் இதுதான்.

பார்வைக் காலம் இரண்டே வாரம். அதற்குள் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும், வெறுமனே "வேண்டாம்" என்றால் எடுபடாது. லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தின் பக்கம் கோல்ஃப் மைதானம் அமைக்கும் யோசனை வந்தபோது, சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் (Nature Society) 1992இல் அங்குள்ள உயிரினங்களைக் கணக்கெடுத்து ஓர் அறிக்கையே தயாரித்தது, மக்களும் திரளாகக் கையெழுத்துப் போட்டார்கள், திட்டம் கைவிடப்பட்டது. நமக்கும் அப்படி ஆதாரம் வேண்டும்.

குளத்தில் நீர்நாய், நாரை, மீன்கொத்தி படம் எடுத்தவர்கள் தேதியோடு அனுப்புங்கள், பழைய படமானாலும் சரி. வடிகால் வரைபடம் பார்க்கத் தெரிந்த பொறியாளர் யாராவது இருந்தால் மிகவும் உதவி, ஏனென்றால் கரையில் கான்கிரீட் போட்டால் மழைநீர் எங்கே போகும் என்பதுதான் என் பெரிய கவலை. ஆங்கிலக் கடிதத்தைச் சரிபார்க்க ஒருவர், மூத்தவர்களுக்குத் தமிழிலும் சீனத்திலும் விளக்க இருவர் தேவை. நாடாளுமன்ற உறுப்பினர் மக்களைச் சந்திக்கும் நிகழ்ச்சிக்கு என்னுடன் வர முடிந்தவர்களும் கீழே சொல்லுங்கள்.