"செறிவூட்டிய சூழல்" வேண்டாம்; "தூண்டுசூழல்" பொருந்துமா?

மதிப்பிற்குரிய நண்பர்களுக்கு வணக்கம்.

முதுமையில் கற்றலும் நினைவாற்றலும் பற்றிய ஆய்வுகளைத் தமிழில் எழுதும்போது அடிக்கடி எதிர்ப்படும் ஆய்வுக்கூண்டு ஒன்றுண்டு; எலிகள் ஓடவும் ஆராயவும் பல பொருள்கள் வைத்த கூண்டு அது, ஆங்கிலத்தில் enriched environment என்பார்கள். அதைச் "செறிவூட்டிய சூழல்" என்றே இதுவரை நானும் எழுதி வந்தேன். இனி அதைக் கைவிட வேண்டும் என்று கருதுகிறேன். செறிவூட்டல் என்றதும் வாசகருக்கு யுரேனியமோ நியாயவிலைக் கடையின் செறிவூட்டப்பட்ட அரிசியோதான் நினைவுக்கு வரும். இரண்டிலும் குறிப்பிட்ட ஒன்றின் அளவுதான் கூடுகிறது. இந்தக் கூண்டில் இருப்பவையோ ஓடுசக்கரம், வளைந்த குழாய்கள், ஏணி, உடன் திரியப் பல சுண்டெலிகள். அந்தப் பொருள்களையும் அவ்வப்போது மாற்றி வைப்பார்கள்.

"வளச்சூழல்" என்பதும் ஒத்துவராது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மூளை ஆய்வாளர்கள் ரோசன்ஸ்வைக், மரியன் டயமண்ட் ஆகியோரின் குழு 1960களில் இத்தகைய கூண்டில் வளர்ந்த எலிகளின் பெருமூளைப் புறணி கனத்திருப்பதைக் காட்டியபோது, வெறுங்கூண்டு எலிகளுக்கும் தீனி குறைவின்றியே கிடைத்தது. வளம் என்றால் நம்மவர் முதலில் தீனியைத்தான் நினைப்பார்கள்.

ஆகவே "தூண்டுசூழல்" என்ற சொல்லை முன்வைக்கிறேன். இது வினைத்தொகை, ஆதலால் இடையில் ச் மிகாது, தூண்டிய, தூண்டுகின்ற, தூண்டும் என முக்காலமும் அடங்கும். ஒருமுறை பொம்மையை வைத்துவிட்டு ஓய்ந்துவிடாமல் புதுமையைத் தொடர்ந்து அளிக்கும் கூண்டுக்கு இது மிகப் பொருந்துகிறது. "வன்முறையைத் தூண்டுதல்" என்ற செய்தித்தாள் வழக்கு குறுக்கிடும் என்பீர்கள். ஆனால் மங்கும் விளக்கின் திரியைக் குச்சியால் சற்றே மேலே தள்ளுவதும் தூண்டுதல்தான். 18 மாத வயதான சுண்டெலிகளின் ஹிப்போகாம்பஸ் என்னும் நினைவுக்குரிய மூளைப்பகுதியிலும் தூண்டுசூழலால் புதிய நரம்பணுக்கள் கூடுதலாக உருவானதை 1998இல் ஆய்வாளர்கள் கெம்பர்மனும் கேஜும் காட்டியதைப் படித்தபோது, எனக்கு அந்தத் திரிதான் நினைவுக்கு வந்தது.

இதனோடு "மேல்மரபியல்" (epigenetics) என்ற சொல்லையும் உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது; மரபணுவின் எழுத்து மாறாமலே அதன் செயல்பாடு மாறுவதை ஆராயும் துறை அது. டி.என்.ஏ. இழை ஹிஸ்டோன் புரதங்களின்மேல் சுற்றப்பட்டிருக்கிறது. அப்புரதங்களில் அசெட்டைல் என்னும் வேதித்தொகுதி ஏறினால் அந்தச் சுற்று தளர்ந்து மரபணு படிக்கப்படுகிறது. சுவடியின் எழுத்து மாறுவதில்லை, கட்டிய கயிறு மட்டும் நெகிழ்கிறது. நரம்பணுக்களை இழந்து நினைவு குன்றிய சுண்டெலிகள் தூண்டுசூழலில் வாழ்ந்தபின், முன்பு கற்றதையும் மீட்டன என்றும், ஹிஸ்டோன்களில் இந்த அசெட்டைலேற்றம் மிகுந்தது என்றும் நரம்பறிவியலாளர் லி-ஹுவே சாயின் குழு 2007இல் கண்டது. மாற்றம் எழுத்தில் இல்லை, எழுத்தின்மேல் ஏறும் குறிகளில் இருக்கிறது; ஆதலால் "புறமரபியல்" என்பதைவிட "மேல்மரபியல்" என்பதே எனக்கு நேராகப் படுகிறது.

ஒரே ஓர் இடத்தில் ஐயம் உள்ளது. இலங்கைப் பாடநூல்கள் மரபியலைப் "பிறப்புரிமையியல்" என்பதால் "மேல்" என்ற முன்னொட்டு அங்கே எளிதில் ஒட்டாது. "தூண்டல்" அங்கும் வழங்குவதால் தூண்டுசூழலுக்குத் தடையிராது. மேல்மரபியலுக்கு அங்குள்ள ஆசிரியர்கள் வகுப்பில் எந்தச் சொல்லை ஆள்கிறார்கள் என்பதை ஈழத்து நண்பர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.