பிளாஸ்டோபோர் மலவாய் ஆனால் மட்டும் டியூட்டரோஸ்டோமா?

கேட்டவர்: சிப்பி

கருவில் முதலில் தோன்றும் துளையான பிளாஸ்டோபோர் வாயானால் புரோட்டோஸ்டோம், மலவாயானால் டியூட்டரோஸ்டோம் என்றுதான் படித்தோம். ஆனால் பிராக்கியோபோடுகளையும் (இரட்டை ஓடுள்ள கடல் விலங்குகள்) அம்புப் புழுக்களையும் பழைய நூல்கள் டியூட்டரோஸ்டோமில் சேர்க்கின்றன, புதிய நூல்களில் அவை அங்கே இல்லை. அவற்றின் கரு வளர்ச்சி மாறிவிடவில்லையே, பிறகு எதை வைத்து நீக்கினார்கள்? இன்னொரு சந்தேகம்: கடல் முள்ளெலிக்கு முதுகுநாணும் (முதுகு நீளத்துக்கு உடலைத் தாங்கும் தண்டு) இல்லை, முதுகுப்புற நரம்புக் குழலும் இல்லை. எந்த அடிப்படையில் அதை முதுகுநாணிகளான நம் பக்கத்தில் வைக்கிறார்கள்?

பதில்: நுண்ணோக்கி

'டியூட்டரோஸ்டோம்' என்பது 1908-ல் விலங்கியலாளர் குரோபன் வைத்த பெயர். பெயர் நிலைத்துவிட்டது. அதன் பொருளை மட்டும் வைத்து ஒரு விலங்கைச் சேர்க்கவோ நீக்கவோ முடியாது.

பிரியாபுலஸ் என்ற கடல் புழுவைப் பாருங்கள். பூச்சிகளைப் போலத் தோலுரிக்கும் கூட்டத்தைச் சேர்ந்தது, ஐயமில்லாத புரோட்டோஸ்டோம். ஆனால் அதன் பிளாஸ்டோபோர் மலவாயாகிறது, வாய் தனியாக எதிர்முனையில் திறக்கிறது. 2012-ல் இது வெளியானது. அதன் பிளவிப்பெருகலும் (கருமுட்டை செல்களாகப் பிரிவது) ஆர முறைதான், அதாவது செல்கள் ஒன்றன்மேல் ஒன்று நேராக அடுக்கப்படும். பழைய நூல்கள் இதையும் டியூட்டரோஸ்டோமின் அடையாளமாக எடுத்துக்கொண்டன. ஆர முறையை ஒத்த பிளவு ஜெல்லிமீன் கூட்டத்திலும் உண்டு என்பதால், அது மிகப் பழைய பண்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பழைய பண்பு பலரிடமும் மிச்சமிருக்கும், அதை வைத்து நெருங்கிய உறவைச் சொல்ல முடியாது. பழைய வகைப்பாடு தவறியது இந்த இடத்தில்தான்.

பிராக்கியோபோடுகளை இடம் மாற்றியது முதலில் 18எஸ் ஆர்.என்.ஏ. என்ற ரைபோசோம் மூலக்கூறின் ஒப்பீடு (1995). பிறகு உடலின் முன்-பின் அமைப்பை வகுக்கும் ஹாக்ஸ் மரபணுக்கள் அதை உறுதி செய்தன: புரோட்டோஸ்டோம்களான வளைதசைப் புழுக்களிடமும் மெல்லுடலிகளிடமும் உள்ள தனி வகை ஹாக்ஸ் வரிசைகள் பிராக்கியோபோடுகளிடமும் இருக்கின்றன.

பதில்: ஆழி

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். முதுகுநாணைத் தேடினால் ஏமாற்றம்தான், செவுள் பிளவைத் தேடுங்கள். பலனோகிளாசஸ் போன்ற புழு வடிவ அரைநாணிகளின் தொண்டையில் உள்ள பிளவுகளும், அவற்றைத் தாங்கும் கொலாஜன் சட்டங்களும், மீன் போன்ற எளிய முதுகுநாணியான ஆம்பியாக்சஸின் தொண்டையோடு நன்றாகப் பொருந்துகின்றன. அரைநாணிகளும், கடல் முள்ளெலி சேர்ந்த முட்தோலிகளும் ஒரே கிளை (ஆம்புலாக்ரேரியா). ஆகவே பொது மூதாதைக்குச் செவுள் பிளவு இருந்தது, முட்தோலிகள் பின்னர் அதை இழந்தன என்பதே எளிய விளக்கம்.

இதற்கு மரபணுத் தொகுதியிலும் தடயம் உண்டு. தொண்டை வளர்ச்சியில் செயல்படும் என்.கே.எக்ஸ் 2.1, என்.கே.எக்ஸ் 2.2, பேக்ஸ் 1/9, ஃபாக்ஸ்-ஏ ஆகிய நான்கும் வேறு இரண்டு மரபணுக்களோடு அடுத்தடுத்து நிற்கும் ஒரு தொகுப்பு, அரைநாணிகளிலும் முதுகுநாணிகளிலும் உள்ளது. செவுளே இல்லாத முள்கிரீட நட்சத்திர மீனிலும் அது தெரிகிறது.

சிப்பி:

நன்றி, இது தெளிவாகிறது. அப்படியானால் முதுகுநாண் எங்கிருந்து வந்தது? அரைநாணிகளின் வாய்க்கு முன்னே நீளும் ஸ்டோமோகார்டு என்ற தண்டு அதன் தொடக்கம் என்று ஒரு குறிப்பில் இருக்கிறது.

பதில்: நுண்ணோக்கி

1880-களில் விலங்கியலாளர் பேட்சன் அப்படிக் கருதியதால்தான் 'அரைநாணி' என்ற பெயரே வந்தது. ஆனால் முதுகுநாணை உருவாக்கும் பிராக்கியூரி மரபணு ஸ்டோமோகார்டில் செயல்படுவதில்லை. அரைநாணிகளிலும் முட்தோலிகளிலும் அது பிளாஸ்டோபோர், வாய் பகுதிகளில் வேலை செய்கிறது. அந்தப் பழைய மரபணு முதுகுநாணிகளில் புதிய வேலையை எடுத்துக்கொண்டது.

பதில்: ஆழி

முதுகுநாணைவிடப் பெரிய மாற்றம் ஒன்று உண்டு: உடல் தலைகீழானது. 1822-லேயே பிரெஞ்சு விலங்கியலாளர் ஜியோஃப்ரா செயின்ட்-ஹிலேர், நண்டு இறாலின் வயிற்றுப்புறம்தான் நம் முதுகுப்புறம் என்றார். ஈயில் பிஎம்பி என்ற சமிக்ஞைப் புரதம் முதுகில், அதைத் தடுக்கும் கார்டின் வகைப் புரதம் வயிற்றில். தவளையில் நேர்மாறு. அரைநாணி எந்தப் பக்கம்? வாயை வயிற்றுப்புறம் என்று கொண்டால், ஈயைப் போலவே பிஎம்பி முதுகில். எனவே புரண்டது முதுகுநாணிகளின் வழியில்தான், டியூட்டரோஸ்டோம்கள் பிரிந்தபோது அல்ல.

சாக்கோகிளாசஸ் என்ற அரைநாணியின் கருவுக்குக் கூடுதல் பிஎம்பி கொடுத்தால் வாய் உருவாவதில்லை, பிஎம்பி-யைக் குறைத்தால் வாய் உடலைச் சுற்றி விரிகிறது. ஆனால் கூடுதல் பிஎம்பி நரம்புச் செல்களைத் தடுப்பதில்லை. தவளையில் தடுக்கும். நரம்பை ஒரு பக்கம் மட்டும் திரட்டும் வேலை பிஎம்பி-க்குப் பின்னால் சேர்ந்தது என்று இதை வாசிக்கலாம்.

கடல் முள்ளெலியில் இதைச் சரிபார்ப்பவர்கள் ஓர் இடத்தில் வழுக்குவார்கள். அங்கே பிஎம்பி 2/4, கார்டின் இரண்டின் ஆர்.என்.ஏ-வும் (மரபணு வேலை செய்யும் இடத்தைக் காட்டுவது) வாய்ப்பக்கமே, அதாவது வயிற்றுப்புறமே சாயமேறும். உடனே 'முதுகு வயிறு அச்சு இங்கே வேறு' என்று எழுதிவிடக் கூடாது. கார்டின் பிஎம்பி-யைப் பிடித்து எதிர்ப்பக்கம் கொண்டுசெல்கிறது, சமிக்ஞை விழுவது முதுகுப்புறத்தில்தான். பிஎம்பி சமிக்ஞை கிடைத்த செல்லில் தோன்றும் பாஸ்பரேற்றமடைந்த ஸ்மேட் 1/5/8 புரதத்துக்கு எதிர்ப்பொருள் சாயமிட்டால் அது தெரியும்.

இன்னொரு தடயம்: நோடல் என்ற சமிக்ஞை மரபணு செயல்படுவது நமக்கு இடப்பக்கம், முள்ளெலி லார்வாவுக்கு வலப்பக்கம். முன்-பின் திசை அப்படியே இருக்க முதுகும் வயிறும் புரண்டால் இடமும் வலமும் மாறத்தானே செய்யும்.

பதில்: கல்லடுக்கு

நல்ல விளக்கம், ஒரு எச்சரிக்கை மட்டும். 'டியூட்டரோஸ்டோம்' ஒரே கிளை என்பதை முடிந்த விஷயமாக எழுதாதீர்கள். 2021-ல் வந்த ஒரு மறுஆய்வு, முதுகுநாணிகளையும் ஆம்புலாக்ரேரியாவையும் இணைக்கும் மரபணுச் சான்று மிகப் பலவீனம் என்று காட்டியது. புதைபடிவத்திலும் அவசரம் வேண்டாம்: 2017-ல் சாக்கோரைடஸ் என்ற மிகச் சிறிய புதைபடிவ விலங்கு மிகப் பழைய டியூட்டரோஸ்டோம் என்று அறிவிக்கப்பட்டது. 2022-ல் அதன் பக்கத் துளைகள் உடைந்த முட்களின் அடிப்பகுதிகள் என்று தெரிந்து, தோலுரிக்கும் விலங்குகளின் பக்கம் போய்விட்டது.

பதில்: ஆழி

ஏற்கிறேன். ஒன்று மட்டும்: அந்த இணைப்பு உடைந்தால் செவுள் பிளவு புரோட்டோஸ்டோம்களுக்கும் பொதுவான மூதாதையிடமே இருந்திருக்க வேண்டும், அல்லது இரண்டு முறை தோன்றியிருக்க வேண்டும். முன்னதாக இருந்தால், ஈயின் வழியிலும் அது இழக்கப்பட்டிருக்கும்.