வாலே மலைநாட்டில் ராக்லெட்: சைவ உணவுக்காரர் சாப்பிடலாமா?

கேள்வி:
வணக்கம். செப்டம்பர் மாதம் என் தாயாருடன் சுவிட்சர்லாந்தின் வாலே மாநிலத்துக்குச் செல்லவிருக்கிறேன். அங்கே பிறந்த ராக்லெட் என்ற உருக்கிய பாலாடைக்கட்டி உணவை அங்கேயே உண்ண வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதை எவ்வாறு பரிமாறுவார்கள்? அம்மா முட்டைகூடத் தொடாத சைவம். பால், தயிர், நெய்க்குத் தடையில்லை. அவர் என்ன சாப்பிடலாம்?

மறுமொழி 1:
சில ஆண்டுகள் வாலேயிலுள்ள சியோன் நகரில் வாழ்ந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். வட்டமான பாலாடைக்கட்டியை இரண்டாக வெட்டி, வெட்டிய முகத்தை நெருப்புக்குக் காட்டுவார்கள். அது குமிழிட்டு இளகியதும், கத்தியால் ஒரே இழுப்பில் தட்டில் வழித்துப் போடுவார்கள். 'ராக்லே' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு வழித்தல் என்றே பொருள். தோலோடு அவித்த உருளைக்கிழங்கு, சிறு வெள்ளரி ஊறுகாய், ஊறவைத்த சின்ன வெங்காயம், இவ்வளவே துணை. ஒரு தடவைக்கு ஒரு வழிப்புதான் தருவார்கள். ஆறினால் இறுகிவிடும் என்பதால், தட்டு வந்த உடனே உண்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். போதும் என்று நீங்கள் சொல்லும்வரை தட்டு வந்துகொண்டே இருக்கும். ஓரத்தில் மொறுமொறுவென்று தீய்ந்த பகுதி கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். எனக்கு அதுவே உயிர்.

மறுமொழி 2:
அம்மாவுக்காக ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வாலே ராக்லெட்டுக்கும், கிரூயேர் என்ற மற்றொரு சுவிஸ் பாலாடைக்கட்டிக்கும் பாலைத் திரிக்க மரபாகப் பயன்படுவது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட். 'வெஜிடேரியன்' என்று உணவுப் பட்டியலில் இருந்தாலும், நம் வீட்டுக் கணக்கில் அது சைவம் ஆகாது. உருக்கிய பாலாடைக்கட்டியில் ரொட்டியைத் தோய்த்து உண்ணும் ஃபோன்டூவிலோ வெள்ளை ஒயினும், பெரும்பாலும் கிர்ஷ் என்ற செர்ரிச் சாராயமும் சேரும். ரோஸ்டி என்னும் உருளைக்கிழங்கு வறுவலைக் கேட்கலாம். ஆனால் பன்றிக்கொழுப்பு சேர்க்காமல் வெண்ணெயில் வறுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. ரென்னெட் பற்றி இதுவரை அறியாதிருந்தேன்; அம்மாவிடம் இன்றே சொல்லிவிடுகிறேன்.

மறுமொழி 1:
நானும் அதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். அம்மாவுக்கு வாலேயின், ரை என்ற தானியத்தில் செய்யும் ரொட்டியை வாங்கிக் கொடுங்கள். புளித்த மாவில், பத்தில் ஒன்பது பங்கு ரை சேர்த்துச் செய்வது. மேற்புறம் வறண்ட ஏரிமண்போல வெடித்திருக்கும். முற்காலத்தில் ஊர்ப் பொது அடுப்பில் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மட்டுமே சுட்டு, மாதக்கணக்கில் வைத்து உண்டார்கள். மெல்லிய துண்டாக அறுத்து, வெண்ணெய் தடவி, சூடான தேநீரோடு கொடுத்தால் அவருக்கு நிச்சயம் பிடிக்கும்.